பலகைமேல் ஒரு முற்றுகை

(இரண்டாமாண்டு இளம் அறிவியல், இயற்பியல்)

"விளையாட்டு வினையாகும்" என்பது பழமொழி. வினையையே விளையாட்டாக்கிக் கொண்டவனும் மனிதன்தான். சதுரங்கத்தை எண்ணிப் பாருங்கள். யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நாற்படையும் 64 கட்டங்களுக்குள் அடங்கிவிடுகின்றன. அரசன் வீழ்கிறான், ஆனால் ஒரு துளி இரத்தமும் சிந்துவதில்லை. ஆட்டம் முடிந்ததும் வென்றவனும் தோற்றவனும் ஒரே கடையில் தேநீர் அருந்தப் போகிறார்கள்.

சதுரங்கத்தின் கட்டங்களை எடுத்துவிட்டு உண்மையான நிலத்தின் மலை, ஆறு, சாலை, ஊர் ஆகியவற்றை அளவோடு பலகையில் அமைத்து ஆடுவதே போர் விளையாட்டு எனப்படுவது. 1780இல் ஜெர்மனியில் ஹெல்விக் என்பவர் சதுரங்கத்தைப் பெரிதாக்கி இதற்கு வழிகாட்டினார். 1824இல் ரைஸ்விட்ஸ் என்னும் பிரஷ்ய அதிகாரி நில வரைபடத்தின் மேல் ஆடும் முறையை வகுத்தார். பகடை உருட்டிச் சேதம் கணக்கிட்டார்கள். நடுவர் ஒருவர் இருந்தார். பிரஷ்யப் படை அதிகாரிகளுக்கு அது பாடமாகவே ஆயிற்று. பின்பு 1913இல் எச்.ஜி. வெல்ஸ் என்னும் ஆங்கில எழுத்தாளர், பொம்மை வீரர்களை வைத்து வீட்டுத் தரையில் ஆடும் விதிகளை 'லிட்டில் வார்ஸ்' என்ற நூலாக எழுதினார். மெய்யான போரைவிட இந்தச் சின்னப் போர் எவ்வளவோ மேல் என்பதே அவர் கருத்து. அடுத்த ஆண்டே முதல் உலகப் போர் மூண்டது!

இன்றும் மேலைநாடுகளில் இது பலருக்குப் பொழுதுபோக்கு. அவர்களில் சிலருக்குக் கட்டடங்களைச் செய்வதிலும் ஆர்வம் உண்டு. பழைய மரத் தேவாலயம் ஒன்றைக் குச்சி குச்சியாக ஒட்டி, கூரையின் ஓட்டையைக்கூட விடாமல் செய்து பலகையில் நிறுத்துவார்கள். ரஷ்யாவில் ஒனேகா ஏரித் தீவில் 1714ஆம் ஆண்டைச் சேர்ந்த, 22 குவிமாடங்கள் கொண்ட மரத் தேவாலயம் ஒன்று உண்டு. அத்தகைய கட்டடத்தின் சிறு மாதிரியைப் படத்தில் கண்டபோது எனக்கு ஒரு எண்ணம் தோன்றியது. தேவாலயம் எதற்கு? நம் ஊர்க் கோயிலே ஒரு காலத்தில் கோட்டையாக இருந்ததன்றோ?

கோயில் கோட்டையான கதை

ஆம், தோழர்களே! தீபத்திற்கும் கிரிவலத்திற்கும் பெயர்பெற்ற நம் திருவண்ணாமலை, 18ஆம் நூற்றாண்டில் பீரங்கி ஒலிக்கும் பெயர்பெற்றிருந்தது. ஆர்க்காட்டு நவாபு பதவிக்கான போட்டியில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஆளுக்கொரு பக்கம் நின்ற காலம் அது. 1753இல் வேலூர் முர்தசா அலியும் மராட்டியத் தலைவர் முராரி ராவும் இக்கோயிலை முற்றுகையிட்டனர். 1757இல் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றினர். 1760இல் ஆங்கிலேயர் பிடித்தனர். 1767 செப்டம்பரில் கர்னல் ஜோசப் ஸ்மித்தின் படைக்கும், ஹைதர் அலி, ஐதராபாத் நிசாம் ஆகியோரின் கூட்டுப் படைக்கும் முதலில் செங்கத்திலும் பிறகு நம் ஊரருகிலும் பெரும்போர் நடந்தது. மூன்றாம் மைசூர்ப் போரின்போது திப்பு சுல்தானும் இவ்வூரைப் பிடித்தார்.

நமக்கு மட்டும் நேர்ந்த விதியன்று இது. 1752இல் திருவரங்கத்தில் பிரெஞ்சுப் படை சிக்கிச் சரணடைந்தது. 1781இல் ஹைதரின் படை காத்துநின்ற சிதம்பரம் கோயிலைத் தாக்கிய தளபதி ஐர் கூட் தோற்றுத் திரும்ப நேர்ந்தது. வேலூர்க் கோட்டைக்குள் உள்ள சலகண்டேசுவரர் கோயிலோ நெடுங்காலம் மூலவர் இல்லாமலே கிடந்து, 1981இல்தான் மீண்டும் இலிங்கம் பெற்றது. கருங்கல் மதில், உள்ளே குளம், தானியம் வைக்க மண்டபம், தொலைவு பார்க்கக் கோபுரம். படைத்தலைவன் ஒருவனுக்கு வேறென்ன வேண்டும்? பக்திக்காகக் கட்டியதெல்லாம் அவனுக்குக் கட்டி முடித்த கோட்டையாகத் தோன்றியதில் வியப்பில்லை.

எனவே 1753ஆம் ஆண்டு முற்றுகையை ஆடுவதற்கென்று நம் கோயிலின் மாதிரி ஒன்றைச் செய்யத் தொடங்கினேன். வகுப்புத் தோழர்கள் மூவர் துணைக்கு வந்தனர்.

நான்கு பக்கமும் ஒரு குறுக்களவும்

முதல் கேள்வி, எந்த அளவில் செய்வது என்பது. ஓர் அங்குலத்திற்கு 50 அடி, அதாவது 600இல் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டோம். 217 அடி இராசகோபுரம் 4.34 அங்குலம் ஆயிற்று. வடக்கே 171 அடி அம்மணி அம்மன் கோபுரம் 3.42 அங்குலம், தெற்கே 157 அடி திருமஞ்சன கோபுரம் 3.14 அங்குலம், மேற்கே 144 அடி பேய்க் கோபுரம் 2.88 அங்குலம். கிழக்கு மதிலும் மேற்கு மதிலும் 700 அடி வீதம் 14 அங்குலம். தெற்கு மதில் 1,479 அடி, வடக்கு மதில் 1,590 அடி. இவை முறையே ஏறக்குறைய 29.6 அங்குலமும் 31.8 அங்குலமும் ஆகின்றன.

இங்கேதான் ஒரு சிக்கல் எழுந்தது. நான்கு பக்கங்களின் நீளம் தெரிந்தால் நாற்கரம் கிடைத்துவிடுமா? கிடைக்காது. முக்கோணத்திற்கு மூன்று பக்கமும் தெரிந்தால் அதன் வடிவம் உறுதி. நாற்கரமோ நான்கு குச்சிகளை ஆணியடித்துக் கோத்தது போல் இப்படியும் சாயும், அப்படியும் சாயும். வடக்கும் தெற்கும் சமமாக இருந்தால் செவ்வகம் என்று விட்டுவிடலாம். இங்கே 111 அடி வேறுபாடு அல்லவா இருக்கிறது!

என் தந்தை கொத்தனார். மாலையில் கரணையைக் கழுவி வைத்துவிட்டு வந்தவர், நான் வரைந்து வரைந்து அழிப்பதைப் பார்த்தார். "குறுக்களவு எங்கேப்பா? மூலைக்கு மூலை கயிறு பிடிக்காம எவனாவது கடக்கால் போடுவானா?" என்றார். நாற்கரத்தை ஒரு மூலைவிட்டத்தால் இரண்டு முக்கோணமாக்கினால் வடிவம் உறுதிப்படும் என்று நான் வகுப்பில் படித்ததும் அதுவே. கைபேசியில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து, மூலைக்கு மூலை அளந்து, இரண்டு முக்கோணங்களாக வரைந்தேன். மதில் சரியாக உட்கார்ந்தது. பித்தாகரசின் தேற்றத்தை 3, 4, 5 என்று கயிற்றில் முடிச்சுப் போட்டு நாள்தோறும் பயன்படுத்துகிறவர் வீட்டிலேயே இருக்க, நான் நூலகத்தைத் தேடிப் போனேன்!

பலகைக்கு, இடித்த வீடொன்றிலிருந்து தந்தை கொண்டுவந்த பழைய ஒட்டுப்பலகைக் கதவு உதவியது. ஆறரை அடி நீளம், மூன்று அடி அகலம். கோயில் நடுவில் அமர, நான்கு புறமும் படை நகர இடம் கிடைத்தது. இராசகோபுரத்தின் 11 நிலைகளையும் அட்டைப் பெட்டியை வெட்டி அடுக்கடுக்காக ஒட்டினோம். கிருஷ்ணதேவராயர் தொடங்கித் தஞ்சை செவ்வப்ப நாயக்கர் நிறைவு செய்த கோபுரம். எங்களுக்கு ஒன்பது நாள் பிடித்தது. சுதைச் சிற்பங்களுக்குப் பசை தடவி ரவையைத் தூவினோம். அரை மில்லிமீட்டர் ரவை நம் அளவில் ஓர் அடிச் சிலையாகும். உள்ளே வல்லாள கோபுரம், கிளி கோபுரம், ஆயிரங்கால் மண்டபம், குளம் எல்லாம் ஒவ்வொன்றாக எழுந்தன.

மலைதான் மாட்டவில்லை. ஊர் மட்டத்திலிருந்து 2,000 அடிக்கு மேல் எழுகிற மலை, நம் அளவில் 40 அங்குலத்திற்கு மேல். அதையாவது செய்யலாம். ஆனால் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை ஒரு வட்டமென்று கொண்டால் அதன் விட்டம் நாலரைக் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. நம் அளவில் ஏழு மீட்டருக்கும் மேல். எங்கள் வீடு முழுவதையும் கொடுத்தாலும் போதாது. 217 அடிக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்து வளர்ந்த எனக்கு, அதைக் கட்டியவர்கள் எவ்வளவு பெரிய ஒன்றின் காலடியில் நின்று கட்டினார்கள் என்பது அந்தக் கணக்கில்தான் உறைத்தது. பலகையின் மேற்கு ஓரத்தில் 'மலை' என்று எழுதி ஒட்டியதோடு நிறுத்திக்கொண்டோம்.

கம்பு மணிப் படை

படைவீரன் ஒருவன் ஐந்தரை அடி என்றால் நம் அளவில் 2.8 மில்லிமீட்டர். அந்த உயரத்தில் பொம்மை செய்ய யாரால் முடியும்? கம்பு மணி அந்த அளவுக்குச் சரியாக வந்தது. குதிரைக்குச் சீரகச் சம்பா அரிசி. பீரங்கிக்குச் சீரகம். உள்ளே காப்போருக்குச் சிவப்புச் சாயம், வெளியே தாக்குவோருக்கு நீலச் சாயம். ஒரு மணி பத்து வீரருக்குச் சமம் என்று வைத்தோம். முதல் வாரத்தில் இரு படைக்கும் பொதுவான பகை ஒன்று கிளம்பியது. அதுதான் எறும்புப் படை! ஒரே இரவில் நவாபின் குதிரைப் படையில் பாதி காணாமற் போயிற்று. பிறகு மணிகளைப் பசையில் தோய்த்து உலர்த்தி எடுத்தோம்.

பகடைக்கு வீட்டிலிருந்த தாயக்கட்டைகள் இரண்டு. ஒவ்வொன்றிலும் 0, 1, 2, 3 என நான்கு முகம். மொத்தம் 16 வாய்ப்பு. தாயம், அதாவது கூட்டுத்தொகை ஒன்று விழ, 16இல் 2 வாய்ப்பு. ஒன்று, இரண்டு, மூன்று ஆகியவற்றில் ஏதேனும் விழ 16இல் 9. ஆகவே மதிலுக்குப் பின் நிற்பவன் மேல் குண்டு படத் தாயம் விழவேண்டும். வெட்டவெளியில் நிற்பவனுக்கு மூன்று வரை விழுந்தாலே போதும். அக்காலத்துக் கைத்துப்பாக்கி 100 கெசத்துக்கு மேல் குறிதவறும் என்பதால் அதன் எல்லை ஆறு அங்குலம்.

ஆடத் தொடங்கியதும் கோயில் தன் குணத்தைக் காட்டியது. கிழக்கு மதிலின் நடுவில் கோபுரம் இருப்பதாகக் கொண்டால், அங்கிருந்து இருபுறமும் ஆறு ஆறு அங்குலம். 14 அங்குல மதிலில் 12 அங்குலம் காவலுக்குள் வந்துவிடுகிறது. வடக்கு மதிலிலோ ஏறத்தாழ 32 அங்குலத்தில் அதே 12தான். மீதி 20 அங்குலத்துக்கும் தனியே ஆள் நிறுத்தவேண்டும். அதற்கு மேல் நான்கு திசையிலும் நான்கு பெருவாயில். சுமார் 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள செஞ்சியில் மூன்று குன்றுகளை மதிலால் வளைத்திருக்கிறார்கள். வேலூரில் அகழி வெட்டியிருக்கிறார்கள். அவை பகைவரைத் தடுக்கக் கட்டியவை. நம் கோயில் எத்திசையிலிருந்தும் வருக என்று அழைக்கக் கட்டியது. அதனால்தான் நாங்கள் ஆடிய முதல் ஆறு ஆட்டங்களில் ஐந்தில் முற்றுகையிட்டவரே வென்றனர். வெளியே சுற்றி நின்று, உள்ளே தானியம் தீரும்வரை காத்திருந்தால் போதும் என்பதைத் தோழர்கள் விரைவில் கண்டுகொண்டனர்.

ஆயா கேட்ட கேள்வி

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் ஆயா பலகையின் அருகே வந்து அமர்ந்தார். கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு, "என்னாடா கண்ணு, கோயிலைச் சுத்திக் கம்பைக் கொட்டி வெச்சிருக்க?" என்றார்.

"சண்டை ஆயா. சிவப்பு உள்ள இருக்கிற படை. நீலம் வெளிய இருக்கிற படை."

"நம்ம சனங்க எங்க?"

எனக்கு விடை தெரியவில்லை. "படிச்ச புஸ்தகத்துல அதெல்லாம் இல்ல ஆயா" என்றேன்.

"புஸ்தகத்துல இல்லன்னா ஊர்ல ஆளே இல்லையா?" என்று சொல்லிவிட்டு எழுந்து போய், அடுப்படியிலிருந்து ஒரு கை கேழ்வரகு கொண்டுவந்தார். மதிலுக்கு வெளியே, சிவப்பும் நீலமும் இல்லாத இடங்களில், இங்கே நாலு, அங்கே நாலு என்று வைத்தார். "உள்ள வைக்கலாமே ஆயா, மதிலுக்குள்ள பத்திரமா இருப்பாங்க" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை இப்போதும் என்னால் எழுத்தில் வடிக்க முடியவில்லை. "நம்மள எப்படா உள்ள விட்டாங்க?" என்றார்.

அது சட்டப் புத்தகத்திலேயே இருக்கிறது. தீண்டத்தகாதவர் என ஒதுக்கப்பட்ட மக்கள் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தது 1939 சூலை 8இல். சென்னை மாகாணத்துக் கோயில்கள் அனைத்தும் அவர்களுக்குத் திறக்கவேண்டும் என்று சட்டம் வந்தது 1947இல். 1753இல் அடைக்கலம் தேடி ஓடுகிறவனுக்கு எந்த வாயில் திறந்திருக்கும்? நான்கு திசைக்கும் வருக என்று அழைக்கும் கோயில் என்று சற்று முன் எழுதினேன். கோபுரம் அழைத்தது உண்மை. வாயிலில் நின்ற மனிதர் எல்லோரையும் விடவில்லை என்பதும் உண்மை.

"அப்படின்னா எங்க போயிருப்பாங்க ஆயா?" என்று கேட்டேன். அவர் பேசவில்லை. கேழ்வரகு மணிகளை உள்ளங்கையால் மெல்ல மேற்கே தள்ளிக்கொண்டே போனார். பேய்க் கோபுரத்தைத் தாண்டி, 'மலை' என்று எழுதிய தாளைத் தாண்டி, பலகையின் விளிம்பைத் தாண்டி, மணிகள் தரையில் உதிர்ந்தன. "மலைக்குத்தான் ஓடியிருப்போம். வேற யாரு இருக்கா?" என்றார்.

அளவுக்குள் அடங்கவில்லை என்று நாங்கள் விட்டுவிட்ட மலை அது.

எண்ணப்படாதவர்களின் கணக்கு

அதன்பின் மார்க் வில்க்ஸ் எழுதிய மைசூர் வரலாற்றை வேறு கண்ணால் பார்த்தேன். 1767இல் செங்கத்தில் வென்றும் ஆங்கிலப் படை தன் அரிசி மூட்டைகளைக் குதிரைப் படையிடம் பறிகொடுத்துவிட்டுப் பசியோடுதான் நம் ஊருக்கு வந்தது. பசித்த படை அக்கம்பக்கத்துக் களஞ்சியங்களைச் சும்மா விட்டிருக்குமா? அதே போரில் நிசாமின் அந்தப்புர மகளிர் ஏறிவந்த யானைகளைப் பின்வாங்கச் சொன்னபோது, அம்பாரிக்குள் இருந்த ஒரு பெண் அதற்கு இணங்காமல் துணிவாக மறுமொழி சொன்னதை வில்க்ஸ் எழுதி வைத்திருக்கிறார். யானைமேல் வந்தவளின் சொல் நூலேறியது. நடந்து ஓடியவர்களின் சொல் நூலேறவில்லை.

ஆகவே விதிகளை மாற்றினோம். கேழ்வரகு மணிக்கு ஓர் ஆட்டக்காரர். கேழ்வரகு கம்பைவிடச் சிறியது; நம் அளவில் மூன்று அடி, ஒரு குழந்தையின் உயரம். அதற்குச் சாயம் கிடையாது, ஆயுதம் கிடையாது, வெற்றியும் கிடையாது. நான்கு சுற்றுக்கு ஒரு முறை ஒவ்வொரு படையும் உணவு எடுக்கவேண்டும். அருகில் கேழ்வரகு மணிகள் இருந்தால் அவற்றிலிருந்துதான் எடுக்கவேண்டும். எடுத்த மணி திரும்ப வராது. மேற்கு விளிம்பைக் கடந்து தரையைத் தொட்ட மணி மட்டும் பிழைத்தது. ஆட்டம் முடிந்ததும் வென்றவர் பெயருக்குக் கீழே இழந்த கேழ்வரகு எத்தனை, பிழைத்தது எத்தனை என்று எழுதவேண்டும்.

விதி மாறியதும் ஆட்டமும் மாறியது. எப்போதும் நீலப் படையை நடத்தி, காத்திருந்தே வென்று வந்த தோழர், 12ஆம் சுற்றில் 60 மணிகளில் 41ஐ எடுத்திருந்தார். என் தங்கை எஞ்சிய 19ஐ மலைப்பக்கம் நகர்த்த முயன்றுகொண்டிருந்தாள். தோழர் சற்று நேரம் பலகையையே பார்த்தார். "முற்றுகையை எடுத்துக்கொண்டேன். செங்கம் சாலையில் திரும்பிப் போகிறேன்" என்றார். ஆட்டம் அதோடு நின்றது. மற்றொரு தோழர் சினந்தார்: "மெய்யான படைத்தலைவன் எவனாவது இப்படித் திரும்பிப் போவானா? வரலாற்றைக் கெடுக்காதே!"

அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. 1753இல் நீலப் படையை நடத்தியவர்கள் கேழ்வரகை எண்ணியிருக்க மாட்டார்கள். எங்கள் பலகை நடந்ததைச் சொல்லவில்லை. மதிலின் நீளம், கோபுரத்தின் உயரம், துப்பாக்கியின் எல்லை ஆகியவற்றை அளந்து செய்தோம். மக்களின் தொகைக்கு மட்டும் அளவு கிடைக்கவில்லை. 60 என்பது ஆயாவின் கைப்பிடி அளவு. ஆனால் ஒன்றைக் கேட்கிறேன். வென்றவர் யார், தோற்றவர் யார் என்று ஆண்டோடு மனப்பாடம் செய்து தேர்வெழுதுகிறோமே, அந்தக் கணக்கில் விடுபட்ட எண்ணிக்கையைப் பூச்சியம் என்றா கொள்வது? அறிவியல் மாணவன் அளக்க முடியாததை அளவில்லை என்று எழுதலாம். இல்லை என்று எழுதக்கூடாது.

கட்டடத்தின் மாதிரி செய்கிறவன் கட்டடத்தை அறிகிறான். நான்கு கோபுரத்தின் உயரமும், மதிலின் கோணலும் எனக்கு இனி மறக்காது. நாள்தோறும் பேருந்திலிருந்து பார்த்த கோயில், இப்போது ஒவ்வொரு கல்லும் எதற்காக அங்கே நிற்கிறது என்று கேட்க வைக்கிறது. அந்த மதிலின் நிழலில் யார் நின்றார்கள், யார் நிற்க முடியவில்லை என்பதும் அக்கேள்வியில் அடங்கும். தோழர்களும் தத்தம் ஊரின் கோயிலையோ, கோட்டையையோ, ஏரிக்கரையையோ இப்படி ஒருமுறை அளவெடுத்துச் செய்து பார்க்கவேண்டும். செலவு அதிகமில்லை, அட்டை, பசை, அடுப்படித் தானியம். குறுக்களவு எடுக்க மட்டும் மறவாதீர்.

பலகை இப்போது எங்கள் வீட்டுத் திண்ணையில் இருக்கிறது. ஞாயிறுதோறும் ஆடுகிறோம். விரும்பும் மாணவரும் ஆசிரியப் பெருமக்களும் வரலாம். சிவப்புக்கும் நீலத்துக்கும் எப்போதும் போட்டி இருக்கிறது. கேழ்வரகை யார் நகர்த்துவது என்பதைச் சீட்டுப் போட்டுத்தான் முடிவு செய்கிறோம்.